விஸ்கி பாட்டில்ல எதைப் படிச்சு வாங்கணும்? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஜானி வாக்கர் பிளாக் லேபிள் பாட்டில் ஒண்ணை எடுத்து லேபிளை மட்டும் பொறுமையா படிச்சுப் பாருங்க. பிளண்டட் ஸ்காட்ச் விஸ்கின்னு இருக்கும், 12 வருஷம்னு இருக்கும், இத்தனை பர்சென்ட் ஆல்கஹால்னு இருக்கும். இந்த மூணுக்கும் பின்னாடி சட்டம் நிக்குது, கம்பெனிக்காரன் இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது. அதே ஷெல்ஃப்ல பக்கத்து பாட்டில்கள்ல ரிசர்வ், ரேர், பிரீமியம், செலக்ட், ஃபைனஸ்ட்னு தங்கக் கலர்ல எழுதியிருக்கும், ஸ்காட்லாந்து சட்டத்துல அந்த வார்த்தைங்களுக்கு தனியா அர்த்தமே கிடையாது, யாரு வேணா போட்டுக்கலாம். விஸ்கி வாங்கக் கத்துக்கிறதுன்னா முதல் வேலை இதுதான்னு நான் நினைக்கிறேன், லேபிள்ல எந்த வார்த்தை நிஜமா தகவல் சொல்லுது, எது அலங்காரத்துக்கு நிக்குதுன்னு பிரிச்சுப் பாக்குறது. இது தெரிஞ்சிட்டா கடைக்காரர் சொல்றதையும் விளம்பரத்தையும் நம்பி காசு விடவேண்டியது இல்ல.

முதல்ல விஸ்கின்னா என்னன்னு சுருக்கமா பாத்துடலாம். தானியத்தை அரைச்சு சுடுதண்ணில ஊறவச்சு அதுல இருந்து சர்க்கரையை எடுத்து, ஈஸ்ட் போட்டு புளிக்க வைப்பாங்க, அப்போ ஏறக்குறைய ஒரு ஸ்ட்ராங் பீர் அளவுக்கு ஆல்கஹால் இருக்கும். அதைக் காய்ச்சி வடிச்சா தண்ணி மாதிரி நிறமே இல்லாத ஒரு சரக்கு வரும், அதை மர பேரல்ல ஊத்தி வருஷக்கணக்கா வைப்பாங்க. நிறம் அங்கதான் வருது, வெனிலா வாசம், உலர்ந்த பழ வாசம், மசாலா வாசம் இதுல பெரும்பகுதியும் அந்த மரத்துல இருந்துதான் வருது. திராட்சையில இருந்து வடிச்சா பிராந்தி, கரும்புல இருந்து வடிச்சா ரம், தானியம்னாதான் விஸ்கி. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, நம்ம ஊரு சரக்கைப் பத்தி பேசும்போது தேவைப்படும்.

ஸ்காட்ச்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அங்கதான் விதி ரொம்ப தெளிவா இருக்கு. 2009-ல வந்த ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைப்படி ஸ்காட்லாந்துலயே காய்ச்சி, ஸ்காட்லாந்துலயே 700 லிட்டருக்கு மேல போகாத ஓக் மர பேரல்ல குறைஞ்சது 3 வருஷம் வச்சிருக்கணும், பாட்டில்ல குறைஞ்சது 40% ஆல்கஹால் இருக்கணும், வெளியில இருந்து சேர்க்க அனுமதி உள்ளது ரெண்டே பொருள், தண்ணியும் நிறத்துக்கு கேரமலும். எசென்ஸ், இனிப்பு எதுவும் சேர்க்கக் கூடாது. அதே விதி ஸ்காட்சை 5 வகையா பிரிக்குது, சிங்கிள் மால்ட், சிங்கிள் கிரெயின், பிளண்டட் மால்ட், பிளண்டட் கிரெயின், அப்புறம் பிளண்டட் ஸ்காட்ச். கடையில போனா உங்க கண்ணுல படப்போறது பெரும்பாலும் முதலாவதும் கடைசியும்தான்.

சிங்கிள் மால்ட்ங்கிறதுல சிங்கிள்னா ஒரே பேரல்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க. அப்படி இல்ல, ஒரே டிஸ்டில்லரி, அதாவது விஸ்கி காய்ச்சுற ஒரே ஆலைன்னு அர்த்தம். முளைகட்டின பார்லி மட்டும் போட்டு, பானை மாதிரி இருக்குற செம்பு வடிகலன்ல காய்ச்சி, ஒரே இடத்துல செஞ்சது. அந்த டிஸ்டில்லரியோட நூத்துக்கணக்கான பேரலை ஒண்ணா கலந்துதான் பாட்டில் பண்ணுவாங்க, அப்பதான் இந்த வருஷம் வாங்குற க்ளென்ஃபிடிக் 12-ம் அடுத்த வருஷம் வாங்குறதும் ஒரே மாதிரி இருக்கும். நிஜமாவே ஒரே பேரல்னா லேபிள்ல சிங்கிள் காஸ்க்னு தனியா போட்டிருக்கும், அதோட பேரல் நம்பரும் இருக்கும்.

பிளண்டட் ஸ்காட்ச்னா பல டிஸ்டில்லரியோட மால்ட் விஸ்கியும், கோதுமையோ மக்காச்சோளமோ போட்டு, தூண் மாதிரி உயரமா இருக்குற காலம் ஸ்டில்ங்கிற வடிகலன்ல காய்ச்சின கிரெயின் விஸ்கியும் சேர்த்துக் கலக்கினது. ஜானி வாக்கர், சீவாஸ் ரீகல், பேலன்டைன்ஸ், டீச்சர்ஸ், வாட் 69, பிளாக் அண்ட் ஒயிட் எல்லாம் இந்த வகைதான். பிளண்ட்னா கீழ, சிங்கிள் மால்ட்னா மேலன்னு ஒரு நினைப்பு நம்மூர்ல ரொம்ப ஆழமா இருக்கு, அது சரியில்ல. கிரெயின் விஸ்கி லேசா, மென்மையா இருக்கும், மால்ட்டு கனமா இருக்கும், ரெண்டையும் பேலன்ஸ் பண்ணி வருஷா வருஷம் அதே ருசியைக் கொண்டு வர்றது சாதாரண வேலை இல்ல. பிளாக் லேபிள் ஒரு நல்ல விஸ்கி, அதை வெறும் கௌரவத்துக்குப் பரிசு குடுக்குற பாட்டிலா மட்டும் பாக்குறவங்களைக் கண்டா எனக்கு வருத்தமா இருக்கும், அதுல லேசா புகை, உலர் திராட்சை, வெனிலா மூணும் இருக்கு, நிதானமா குடிச்சா மூணையும் கண்டுபிடிக்கலாம். கிரெயின் சேர்க்காம பல டிஸ்டில்லரி மால்ட்டை மட்டும் கலந்தா அது பிளண்டட் மால்ட், ஜானி வாக்கர் கிரீன் லேபிளும் மங்கி ஷோல்டரும் அப்படித்தான்.

அடுத்தது வயசு. 12-ன்னு போட்டிருந்தா அந்த பாட்டில்ல இருக்குறதுலயே ரொம்ப இளசான விஸ்கிக்கு 12 வயசுன்னு அர்த்தம், உள்ள 15 வருஷத்துதும் 20 வருஷத்துதும் கலந்திருக்கலாம், ஆனா 11 வருஷத்துது ஒரு சொட்டு கூட இருக்கக் கூடாது. இது பேரல்ல இருந்த காலம் மட்டும்தான். பாட்டில்ல அடைச்ச நிமிஷமே வயசு நின்னுடும், அதுனால மாமா 1995-ல வாங்கி பீரோல வச்ச 12 வருஷ பாட்டில் இன்னைக்கும் 12 வருஷ விஸ்கிதான்.

வயசு கூடினா விலை கூடும், அது உறுதி. ஆனா ருசி கூடும்னு உறுதி கிடையாது. பேரல்ல இருக்க இருக்க மரம் சரக்கைப் பிடிச்சுக்கிட்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல தானியத்தோட குணமும் பழ வாசமும் அமுங்கிப் போய் மரக்கசப்பும் துவர்ப்பும் மேல வந்துடும். எந்த பேரலுக்கு அந்தக் கட்டம் எப்ப வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. வயசே போடாத பாட்டில்களும் இருக்கு, மோசம்னு அதை ஒதுக்க வேண்டியதில்ல, ஆனா அதுல ஒரு தகவல் குறையுதுன்னு புரிஞ்சுக்கிட்டு வாங்கணும், 18 வருஷ பாட்டில் விலைக்கு வயசு போடாத பாட்டிலை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

வயசுங்கிற நம்பரை நம்ம நாட்டுக்கு அப்படியே கொண்டு வரவும் முடியாது. பேரல்ல இருக்குற விஸ்கி மரத்து வழியா கொஞ்சம் கொஞ்சமா ஆவியா போயிட்டே இருக்கும், தேவதைகளோட பங்குன்னு அதை சொல்லுவாங்க, ஸ்காட்லாந்து குளிர்ல வருஷத்துக்கு சுமார் 2% போகும், பெங்களூர்ல 10 பர்சென்டுக்கும் மேல போகும். வெயில்ல மரத்துக்கும் சரக்குக்கும் நடக்குற கொடுக்கல் வாங்கலும் வேகமா நடக்கும். அதுனாலதான் அம்ருத், பால் ஜான் மாதிரி நம்ம நாட்டு சிங்கிள் மால்ட்ல பெரும்பாலும் வயசு போட மாட்டாங்க, நாலஞ்சு வருஷத்துலயே நல்ல பக்குவத்துக்கு வந்துடும், 12 வருஷம் வச்சா பேரல்ல மிச்சம் இருக்குறதே கொஞ்சம்தான். ஒரு அம்ருத் 8 வருஷம் பேரல்ல தாக்குப்பிடிச்சு வந்தப்போ அதுக்கு க்ரீடி ஏஞ்சல்ஸ், அதாவது பேராசை பிடிச்ச தேவதைகள்னு பேர் வச்சாங்க, அவ்ளோ சரக்கு காத்துல போயிருந்துச்சு.

இப்ப நான் அதிகமா பேச ஆசைப்படுற விஷயத்துக்கு வர்றேன், பேரல். புதுசா வாங்குறவங்க கவனிக்காத வரி லேபிள்ல இதுதான், ஆனா ருசி எப்படி இருக்கும்னு முன்கூட்டியே சொல்லக்கூடிய வரியும் இதுதான். ஸ்காட்ச் பெரும்பாலும் புது மரத்துல ஊறுறது இல்ல, ஏற்கெனவே வேற ஏதாவது இருந்த பேரல்ல ஊறுது. அதுல முக்கியமா ரெண்டு வகை.

ஒண்ணு அமெரிக்க போர்பன் இருந்த பேரல். அமெரிக்க சட்டப்படி போர்பன்னா அமெரிக்காவுல செஞ்சிருக்கணும், 51 பர்சென்டாவது மக்காச்சோளம் இருக்கணும், உள்பக்கம் நெருப்புல கருக்கின புத்தம்புது ஓக் பேரல்ல ஊத்தியிருக்கணும். பேரல் புதுசா இருந்தாகணும்ங்கிறதால ஒரு தடவை போர்பன் வச்ச பேரலை மறுபடியும் போர்பனுக்கு பயன்படுத்த முடியாது, அதனால லட்சக்கணக்குல காலி பேரல் மிஞ்சும், அது கப்பலேறி ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இந்தியான்னு போகும். இந்த பேரல்ல ஊறின விஸ்கி வெளிர் தங்க நிறமா, வெனிலா, தேன், தேங்காய், பேரிக்காய் வாசத்தோட இருக்கும். க்ளென்மோரஞ்சி ஒரிஜினல் இதுக்கு நல்ல உதாரணம்.

இன்னொண்ணு ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் இருந்த பேரல். இதுல ஊறினது அடர்த்தியா, உலர் திராட்சை, அத்திப்பழம், பேரீச்சை, லவங்கம், கொஞ்சம் டார்க் சாக்லேட்னு இருக்கும், கிறிஸ்மஸ் பிளம் கேக் சாப்பிட்ட வாய்க்கு இது உடனே பழகிடும். க்ளென்ட்ரோனாக் 12, அபர்லூர், மெக்காலன் ஷெர்ரி ஓக் இதெல்லாம் இந்தப் பக்கம். ஷெர்ரியிலயே வகை உண்டு, லேபிள்ல ஓலோரோசோன்னு இருந்தா இனிப்பு குறைஞ்சு கொஞ்சம் டிரையா, பெட்ரோ ஹிமெனெஸ்னு இருந்தா நல்லா இனிப்புப் பக்கமா இருக்கும். நிறைய பாட்டில் ரெண்டு வகை பேரலும் கலந்து வரும், க்ளென்ஃபிடிக் 12 அப்படித்தான். இன்னும் சிலதுல வேற ஒரு பேரல் ஃபினிஷ்னு போட்டிருக்கும், அப்படின்னா முக்கால்வாசி காலம் ஒரு பேரல்ல இருந்துட்டு கடைசி கொஞ்ச மாசமோ வருஷமோ போர்ட் ஒயின், ரம்னு வேற பேரலுக்கு மாத்தியிருக்காங்க.

உங்களுக்கு இனிப்பான பலகாரம் பிடிக்குமா, பழம் பிடிக்குமா, காபி சாக்லேட் கசப்பு பிடிக்குமான்னு யோசிச்சிட்டு அதுக்கு ஏத்த பேரலைப் பாத்து வாங்கினா, பிராண்டு பேரை வச்சு வாங்குறதை விட ஏமாற்றம் ரொம்பக் குறைவு.

பேரலுக்கு அடுத்து புகை. பார்லியை முளைகட்ட வச்சுட்டு அதைக் காய வைக்கணும், அப்ப எரிபொருளா பீட்னு ஒண்ணை எரிப்பாங்க. ஈரமான சதுப்பு நிலத்துல ஆயிரக்கணக்கான வருஷமா செடிகொடி பாசியெல்லாம் மக்கி அழுத்தி உருவான மண்ணு அது, வெட்டி எடுத்து காயவச்சு எரிச்சா கனமான புகை வரும். ஐலாங்கிற ஸ்காட்லாந்து தீவுல மரம் ரொம்ப குறைவு, பீட்டு நிறைய, அதுனால அந்தத் தீவு விஸ்கிக்கு புகை அடையாளமாவே ஆயிடுச்சு. லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் மூணும் ஒரே கடற்கரையில வரிசையா இருக்குற டிஸ்டில்லரி. புகைன்னா வெறும் விறகுப் புகை மட்டும் இல்ல, லஃப்ராய்க்ல ஆஸ்பத்திரி டிங்ச்சர் வாசம் அடிக்கும், கடல் உப்பு, தார் எல்லாம் இருக்கும். பாதிப் பேர் முதல் சிப்லயே வேணாம்னு வச்சிடுவாங்க, மிச்சப் பேர் வாழ்நாள் பூரா வேற எதையும் தொட மாட்டாங்க. முதல் பாட்டிலா இதை வாங்காதீங்க, ஆனா ஒரு பார்ல ஒரு 30 மில்லியாவது கண்டிப்பா ருசி பாருங்க, விஸ்கியில இவ்வளவு தூரம் போக முடியுமான்னு அப்பதான் தெரியும்.

புகை அளவை பிபிஎம்னு, அதாவது பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு ஒரு நம்பர்ல சொல்லுவாங்க, ஆர்ட்பெக்குக்கு 55 சுமார். அந்த நம்பர் காயவச்ச பார்லியில எடுத்தது, பாட்டில்ல இருக்குறது இல்ல, காய்ச்சி வடிக்கும்போதே அதுல பெரிய பங்கு போயிடும், அதுனால நம்பரை வச்சு ருசியை ஒப்பிட முடியாது. ஐலான்னாலே புகைன்னும் நம்பிடாதீங்க, அதே தீவுல செய்யிற புன்னஹாவன் 12-ல புகை கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஸ்பேசைடு, ஹைலேண்ட், லோலேண்ட், கேம்பல்டவுன், ஐலான்னு 5 வட்டாரம் லேபிள்ல பாப்பீங்க, விஸ்கி எங்க செஞ்சாங்கங்கிறதுக்கு அது உத்தரவாதம், எப்படி ருசிக்கும்ங்கிறதுக்கு இல்ல. பீட்டட்னோ ஸ்மோக்கின்னோ வார்த்தை இருக்கான்னு பாருங்க.

ஆல்கஹால் பர்சென்ட் அடுத்தது. 40 இருக்கும், நம்ம நாட்டுல பாட்டில் பண்ணினதுல பெரும்பாலும் 42.8 இருக்கும், அது பழைய பிரிட்டிஷ் அளவுல 75 டிகிரி புரூஃபுக்கு சமம், அப்படியே தங்கிடுச்சு. சில பாட்டில்ல 46-ன்னு இருக்கும், அதுக்கு ஒரு காரணம் உண்டு. அதுக்குக் கீழ தண்ணி கலந்து இறக்கினா குளிர்ல விஸ்கி கலங்கலாகும், பாக்க நல்லாருக்காதுன்னு அதை குளிர வச்சு வடிகட்டிடுவாங்க, அப்படி வடிகட்டும்போது நாக்குல வழவழன்னு கனம் குடுக்குற எண்ணெய்ப் பொருள்ல கொஞ்சம் போயிடும். 46-ம் அதுக்கு மேலயும் வச்சா கலங்காது, வடிகட்டவும் தேவையில்ல. அதுனால 46%, நான்-சில்-ஃபில்டர்டு (குளிர வச்சு வடிகட்டாதது), இயற்கை நிறம்னு ஒரு லேபிள் சொன்னா, செஞ்சவங்க ருசிக்காக யோசிச்சிருக்காங்கன்னு நான் எடுத்துக்குவேன். நிறத்தைப் பாத்து மட்டும் வாங்காதீங்க. கேரமல் போட அனுமதி இருக்குறதால அடர்ந்த நிறம் வயசுக்கோ தரத்துக்கோ சாட்சி இல்ல. ஜெர்மனியில நிறம் சேர்த்திருந்தா லேபிள்ல சொல்லியாகணும், அங்க விக்கிற பாட்டிலோட படத்தை ஆன்லைன்ல தேடிப் பாத்தா நீங்க வாங்கப் போறதுல கேரமல் இருக்கான்னு பல நேரம் தெரிஞ்சிடும்.

ஸ்காட்ச் மட்டும்தான் விஸ்கின்னு இல்ல. அயர்லாந்து விஸ்கி பெரும்பாலும் மூணு தடவை காய்ச்சினது, லேசா மிருதுவா இருக்கும், ஜேம்சன் எல்லாருக்கும் தெரியும், ராவா குடிச்சுப் பழக அதை விட சுலபமான ஆரம்பம் கிடைக்குறது கஷ்டம். போர்பன் இனிப்பா, வெனிலா கேரமல் தூக்கலா இருக்கும், ஜிம் பீமும் மேக்கர்ஸ் மார்க்கும் நம்ம ஊர்ல கிடைக்கும், அதுல மேக்கர்ஸ் மார்க்ல ரை தானியத்துக்கு பதிலா கோதுமை போடுறதால காரம் குறைவு. ஸ்ட்ரெய்ட்னு வார்த்தை இருந்தா குறைஞ்சது 2 வருஷம் பேரல்ல இருந்திருக்கு, பாட்டில்டு இன் பாண்ட்னு இருந்தா 1897-ல வந்த சட்டப்படி குறைஞ்சது 4 வருஷம், சரியா 50% ஆல்கஹால், ஒரே டிஸ்டில்லரி, ஒரே சீசன்ல காய்ச்சினது, இது லேபிள்ல பாக்கக்கூடிய ரொம்ப நம்பகமான வார்த்தைகள்ல ஒண்ணு. ஆனா ஸ்மால் பேட்ச்ங்கிறதுக்கு அமெரிக்க சட்டத்துல எந்த அளவும் சொல்லல. ஜப்பான்ல 1923-ல யமசாகி டிஸ்டில்லரி தொடங்குனதுல இருந்து அவங்க தனிப் பாதை போட்டுட்டாங்க, ஆனா இப்ப விலை தாறுமாறா இருக்கு, ஆரம்பத்துல அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியம் இல்ல.

இனி நம்ம ஊரு கடை. ஷெல்ஃப்ல விஸ்கின்னு எழுதி அடுக்கியிருக்குற குவாட்டர் பாட்டில்ல பெரும்பகுதி மேல சொன்ன அர்த்தத்துல விஸ்கி இல்ல. வெல்லப்பாகுக் கழிவுல இருந்தோ தானியத்துல இருந்தோ வாசம் ருசி எதுவும் இல்லாத அளவுக்கு சுத்தமா வடிச்ச ஸ்பிரிட்தான் அடிப்படை, அதோட கொஞ்சம் மால்ட், கேரமல் நிறம், சிலதுல வாசனை சேர்ப்பாங்க. வெல்லப்பாகு சரக்கை ஐரோப்பாவுல விஸ்கின்னு பேர் போட்டு விக்கவே முடியாது, தானியத்துல இருந்து வந்திருக்கணும்னு அங்க விதி. இதை யாரையும் குறை சொல்றதுக்காக சொல்லல, விலை கட்டுப்படி ஆகுறதைத்தான் மக்கள் வாங்குவாங்க, ஆனா காசு குடுக்குறவருக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். பின்பக்க லேபிளைத் திருப்பி, என்னென்ன சேர்ந்திருக்குன்னு சின்ன எழுத்துல இருக்கும், அதைப் படிங்க. நியூட்ரல் ஸ்பிரிட்டுன்னு இருந்தா அதான் விஷயம்.

அதே நாட்டுலதான் உலகத்தரமான சிங்கிள் மால்ட்டும் வருது, அது எனக்கு பெருமையான விஷயம். பெங்களூரு அம்ருத் தன்னோட சிங்கிள் மால்ட்டை 2004-ல முதல்ல இறக்கினது இந்தியாவுல இல்ல, ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல, ஸ்காட்ச்காரங்க ஊர்லயே போய் வச்சாங்க. அம்ருத் ஃப்யூஷன்ல இந்திய பார்லியும் ஸ்காட்லாந்து பீட்டட் பார்லியும் சேருது, 50% ஆல்கஹால். கோவாவோட பால் ஜான் பிரில்லியன்ஸ் 46%, புகையே இல்லாம தேன் மாதிரி இருக்கும், அதே வரிசையில எடிட்டட்ல மெல்லிசா புகை. ஹரியானாவுல இருந்து வர்ற இந்த்ரி ட்ரினி மூணு வகை பேரல் கலந்தது.

விலையைப் பத்தி ஒரு விஷயம். வெளிநாட்டு பாட்டிலுக்கு நாம குடுக்குற காசுல பெரிய பங்கு வரி. ஸ்காட்சுக்கு இறக்குமதி வரி மட்டும் பல வருஷமா 150% இருந்துச்சு, 2025-ல கையெழுத்தான இந்தியா பிரிட்டன் ஒப்பந்தத்துல அதை 75-க்கு இறக்கி, பத்து வருஷத்துல 40-க்கு கொண்டு வர்றதா பேசியிருக்காங்க. அதுக்கு மேல மாநில வரி வேற. அதுனால தமிழ்நாட்டுல ஒரு விலை, பாண்டிச்சேரியில ஒரு விலை, ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீயில ஒரு விலை, உள்ள இருக்குற சரக்கு அதேதான். விலை ரெண்டு மடங்குன்னா ருசியும் ரெண்டு மடங்குன்னு கணக்குப் போடாதீங்க. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க ஆளுக்கு 2 லிட்டர் வரை வரி இல்லாம கொண்டு வரலாம், யாராவது வர்றாங்கன்னா அப்ப சிங்கிள் மால்ட் சொல்லிவிடுறதுதான் நமக்கு லாபம். கையில் கொண்டு வந்து யாரோ விக்கிற டியூட்டி ஃப்ரீ பாட்டிலை மட்டும் வாங்காதீங்க, காலி பாட்டில்ல வேற சரக்கு ஊத்தி விக்கிற ஆபத்து நிஜமா இருக்கு, உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, உயிர் விஷயம்.

முதல் பாட்டிலா என்ன வாங்குறதுன்னா, பட்ஜெட் கம்மின்னா டீச்சர்ஸ் ஹைலேண்ட் க்ரீம் ஒரு ஆஃப், அதுல லேசா புகை இருக்குறதால புகை உங்களுக்கு ஒத்துவருமான்னும் தெரிஞ்சிடும். கொஞ்சம் கூட செலவு பண்ண முடியும்னா பிளாக் லேபிள். சிங்கிள் மால்ட்தான் வேணும்னா க்ளென்லிவெட் 12 இல்ல பால் ஜான் பிரில்லியன்ஸ், நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவேன், விலைக்கு கிடைக்குற சரக்கு அதுல அதிகம். ஃபுல் வாங்கி மாட்டிக்க வேண்டியதில்ல, 50 மில்லி மினியேச்சர் கிடைச்சா அதுல நாலு வகை வாங்குறது ஒரு ஃபுல்லை விட நிறைய கத்துக்குடுக்கும். அதுவும் ஒண்ணை முடிச்சிட்டு இன்னொரு நாள் இன்னொண்ணுன்னு இல்லாம, ரெண்டு டம்ளர்ல ரெண்டு விஸ்கி 15 மில்லி வீதம் பக்கத்துல பக்கத்துல ஊத்தி மாத்தி மாத்தி மோந்து பாருங்க. தனியா குடிக்கும்போது தெரியாத வித்தியாசம் பக்கத்துல வச்சா பளிச்சுன்னு தெரியும்.

வாங்குறதுல பாதிதான் முடிஞ்சுது, நல்ல விஸ்கியை கல்ப்பா அடிச்சா எல்லாம் ஒண்ணுதான். பெக் ஊத்தி ரெண்டு மடங்கு தண்ணி கலந்தா 42.8 இருந்தது 14 பர்சென்டா ஆயிடும், வாசம் எல்லாம் கரைஞ்சு போகும். அதுக்காக ராவாத்தான் குடிக்கணும்னு சொல்லல, தண்ணி சேர்க்கிறது தப்பே இல்ல, அளவுதான் விஷயம். ஸ்காட்லாந்துல விஸ்கி கலக்குறதையே தொழிலா வச்சிருக்குற பிளண்டர்களே 20% அளவுக்கு இறக்கிட்டுத்தான் மோந்து பாப்பாங்க. 2017-ல ஸ்வீடன் லின்னேயஸ் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுக் காட்டினாங்க, புகை வாசம் தர்ற குவாயகால்ங்கிற பொருள் ஆல்கஹால் அதிகமா இருந்தா உள்ள அமுங்கிக் கிடக்கும், தண்ணி சேர சேர மேல்பரப்புக்கு வரும், அதான் மூக்குக்கு எட்டுதுன்னு. அம்ருத் ஃப்யூஷன் மாதிரி 50% சரக்கு 30 மில்லி ஊத்தினா ஒன்றரை டீஸ்பூன் தண்ணியில 40-க்கு வந்துடும், கொஞ்சம் கொஞ்சமா விட்டு ஒவ்வொரு தடவையும் மோந்து பாத்து உங்க அளவைக் கண்டுபிடிங்க.

ஐஸ் போட்டா வாசம் அடங்கும், உண்மைதான். ஆனா ஐஸே போடாதேன்னு சொல்றவங்க ஸ்காட்லாந்து ரூமை மனசுல வச்சு சொல்றாங்க, மே மாச சென்னையில 33 டிகிரி ரூம்ல விஸ்கியை ஊத்தினா ஆல்கஹால் ஆவி மூக்கை அடைச்சிடும், ஒண்ணும் தெரியாது. பாட்டிலை அரை மணி நேரம் ஃபிரிட்ஜ் கதவுல வச்சு எடுங்க, இல்ல கொஞ்சம் குளிர்ந்த தண்ணி விடுங்க, அது போதும். டம்ளர் வாய் குறுகலா, அடிப்பக்கம் அகலமா இருந்தா வாசம் சேர்ந்து வரும், க்ளென்கெய்ர்ன் கிளாஸ்னு இதுக்குன்னே இருக்கு, இல்லைன்னா சின்ன ஒயின் கிளாஸ் போதும். சைடு டிஷ்ல ஊறுகாயும் மிளகாய்ப்பொடி போட்ட சிக்கனும் நாக்கை எரிச்சிடும், ருசி பாக்குற முதல் பெக்குக்கு மட்டுமாவது வறுத்த பாதாமோ உப்புக்கடலையோ வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

வயித்துல சாப்பாடு இருக்கணும், பக்கத்துல தண்ணி இருக்கணும். ஒரு லார்ஜ் 60 மில்லியில சுமார் 20 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கு, ஏறக்குறைய ஒரு பெரிய லைட் பீர் பாட்டில் அளவு அது. உடம்புக்கு பாதுகாப்பானதுன்னு சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல தெளிவாவே சொல்லிடுச்சு, அதுனால குடிக்காதவங்க இதைப் படிச்சிட்டு ஆரம்பிக்க வேண்டாம், தூக்க மாத்திரை, சுகர் மாத்திரை எடுக்குறவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடாதீங்க. குடிச்சிட்டு வண்டி எடுக்குறதுக்கு நல்ல விஸ்கி கெட்ட விஸ்கின்னு வித்தியாசம் எதுவும் இல்ல, ஆட்டோ பிடிங்க.

திறந்த பாட்டிலை நிமித்தி வைங்க, ஒயின் மாதிரி படுக்க வச்சா ஆல்கஹால் கார்க்கை அரிச்சிடும். வெயில் படாத அலமாரி போதும். கால்வாசிக்குக் கீழ போயிடுச்சுன்னா உள்ள இருக்குற காத்து வேலை செய்ய ஆரம்பிச்சிடும், சில மாசத்துல வாசம் தட்டையாகும், அப்ப அதை நல்லா கழுவிக் காயவச்ச ஒரு குவாட்டர் பாட்டிலுக்கு மாத்தி இறுக்கி மூடி, மேல எந்த விஸ்கின்னு பேர் எழுதி ஒட்டி வச்சிடுங்க.